அப்பாவின் பெருவிரல் பதிந்த இழைப்புளி

தாத்தா வாங்கி, அப்பா நாற்பது ஆண்டுகள் இழைத்து, இப்போது என் கைக்கு வந்திருக்கும் ஒரு மர இழைப்புளியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். திருச்சி பொன்மலையில் 1928-இல் தொடங்கப்பட்ட ரயில்வே பணிமனையில் தாத்தா தச்சராக இருந்தார். ரயில் பெட்டிகளுக்குத் தேக்கு மரம் தாராளமாகப் பயன்பட்ட காலம் அது. பணிமனைக் கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்பதால், விடுமுறை நாட்களில் ஊராருக்குக் கதவும் நிலையும் செய்து கொடுப்பதற்காக அவர் தம் சொந்தக் காசில் வாங்கியது இந்த இழைப்புளி.

அலகை இறுக்கிப் பிடிக்கும் அதன் ஆப்பு இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது. மரத்தோடு உராய்ந்து உராய்ந்து அடிப்பகுதி தேய்ந்தால், சீவல் வெளிவரும் வாய் அகன்றுவிடும்; வாய் அகன்றால் சீவல் மெல்லியதாக வராது, மரம் பிய்ந்துகொண்டு வரும். ஆகவே அப்பா அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, வேங்கைத் துண்டு ஒன்றைப் பதித்து ஒட்டியிருக்கிறார். ஒட்டின் கோடு கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட வேலைக்காரர் அவர்.

அப்பா இடக்கைக்காரர். இழைப்புளியின் பின்பகுதியை அவர் இடக்கையால் பற்றுவதால், அவருடைய பெருவிரல் கட்டையின் வலப்பக்கத்தில் அழுந்தும். மற்ற நான்கு விரல்கள் இடப்பக்கத்தில் படியும். வியர்வையும் எண்ணெயும் அழுத்தமும் சேர்ந்து, வலப்பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை படுத்திருக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. நான் வலக்கைக்காரன். அவர் மறைந்த பிறகு முதன்முறையாக அதை எடுத்து ஒரு பூவரசுப் பலகையை இழைக்க முயன்றபோது, கட்டை என் கையில் அமரவே இல்லை. வேறொருவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. பள்ளத்தை மரத்தூளும் பசையும் கொண்டு நிரப்பிவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பள்ளம் எனக்குப் பழுதாகத் தோன்றவில்லை. அப்பாவின் புகைப்படங்கள் வீட்டில் மூன்றே மூன்றுதான் இருக்கின்றன. அவர் கை எவ்வளவு பெரியது, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துவார் என்பதை அந்த மூன்றிலும் பார்க்க முடியாது.

அலகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் 'ஷெஃபீல்டு' என்ற ஊர்ப்பெயரும் 'காஸ்ட் ஸ்டீல்' என்ற சொற்களும் மங்கலாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி 1740-களில் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், உருக்கி எடுத்த எஃகுக்குப் பிற்காலத்தில் வழங்கிய வணிகப் பெயர் அது. மூசையில் எஃகு செய்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பு, எஃகு உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் பாரடே ஆராய்ந்த 'ஊட்ஸ்' என்ற மூசை எஃகும் தென்னிந்தியாவிலிருந்து போனதுதான். பொன்மலைத் தச்சர் ஒருவர் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஓர் அலகுக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட வழி இருக்கிறது என்பதை நினைத்து நான் பலமுறை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இத்தகைய பழைய அலகுகள் முழுவதும் எஃகால் ஆனவை அல்ல. மெத்தென்ற இரும்புத் தகட்டின் முனைப்பகுதியில் மட்டும் எஃகை வைத்து உலையில் பற்றவைத்திருப்பார்கள். தீட்டத் தீட்ட அலகு குட்டையாகும். எஃகு தீர்ந்துவிட்டால் மிஞ்சும் இரும்பில் கூர் நிற்காது. எங்கள் அலகில் இன்னும் ஒரு விரற்கடை எஃகுதான் மிச்சம். இது தெரிந்திருந்தும் நான் ஒரு தவறு செய்தேன். விளிம்பில் விழுந்த சிறு பிளவைச் சீக்கிரம் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், தீட்டுக்கல்லில் மூன்று மாலைப்பொழுதுகள் செலவழிக்க வேண்டிய வேலையை மின்சாரச் சாணையில் பத்து நிமிடத்தில் முடிக்கப் பார்த்தேன். தண்ணீரில் நனைப்பதற்குள் முனை நீலம் பாரித்துவிட்டது. ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூடு ஏறினால்தான் அந்த நீலம் வரும். அது வந்தால் அலகின் பதம், அதாவது கூரைத் தாங்கும் கடினம், போய்விட்டது என்று பொருள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீலம் பாரித்த பகுதியைத் தேய்த்து நீக்கிவிடலாம். ஆனால் மிச்சமிருக்கும் எஃகில் பெரும்பகுதி அதோடு போய்விடும். எனவே பக்கத்து ஊரிலுள்ள முதிய கொல்லர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நெருப்பின் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பட்டறையின் கதவைச் சாத்திவிட்டு, அலகின் முனையைச் செக்கச் சிவக்கக் காய்ச்சினார். நூலில் கட்டிய ஒரு காந்தத்தை அதன் அருகே கொண்டுபோய்க் காட்டி, "பாருங்கள் தம்பி, இனி இழுக்காது" என்றார். ஏறத்தாழ 770 பாகையில் இரும்பு காந்தத்துக்கு வசப்படாமல் போகும் என்பதை நான் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். இன்னும் சற்றுக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். பிறகு கரியைத் தேய்த்து நீக்கி, இளஞ்சூட்டில் வைத்து, முனையில் வைக்கோல் நிறம் ஓடிவரும் வரை கண் இமைக்காமல் காத்திருந்து, உடனே ஆற்றினார். கூலி வாங்கிக்கொண்டவர், கட்டையிலிருந்த பள்ளத்தில் தம் பெருவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இடக்கைக்காரரா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது நான் கையைச் சற்று முன்தள்ளிப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். அப்பாவின் பெருவிரல் இருந்த இடத்தில் என் நடுவிரல் அமர்கிறது. சரஸ்வதி பூசையன்று சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் விசயதசமியில் எடுத்து ஒரு முறையாவது இழைத்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பேன்.

\* \* \*

ஐயா, உங்கள் பகிர்வைப் படித்த பிறகு எங்கள் வீட்டுக் கத்தரிக்கோலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மாமனார் மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் தையல் எந்திரம் போட்டிருந்தவர். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களுக்கிடையே தையற்காரர்கள் வரிசையாக அமர்ந்திருந்த காட்சியை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய கத்தரிக்கோல் மீரட்டில் செய்யப்பட்டது. பத்து அங்குல நீளம். கையில் எடுத்தால் கனக்கும். அதைக் கொண்டு காகிதம் வெட்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பேரன் பள்ளிக்கூட வேலைக்காக ஒருமுறை அட்டையை வெட்டியபோது அவர் திட்டவில்லை. இரண்டு நாட்கள் யாரோடும் பேசவில்லை.

விரல் நுழையும் வளையம் கையை அறுக்காமல் இருக்க அவர் துணிக்கீற்று சுற்றியிருந்தார். அவர் காலமான பிறகு அதைக் கொண்டுதான் நான் ரவிக்கை வெட்டுகிறேன். சென்ற ஆண்டு அந்தத் துணி நைந்து அவிழ்ந்தது. புதிதாகச் சுற்றலாம் என்று பிரித்தபோது, உள்ளே இன்னொரு துணி, அதற்கும் உள்ளே இன்னொன்று என்று வந்துகொண்டே இருந்தது. வெள்ளைப் பாப்ளின், பள்ளிச் சீருடைக் காக்கி, கோயில் தேரில் தொங்கவிடும் தொம்பைக்குத் தைத்த சிவப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் என் கணவரின் சிறுவயதுச் சட்டையின் கட்டம் போட்ட துணி. என் மாமியார் அதைப் பார்த்தவுடன் அடையாளம் சொன்னார். அந்த ஒரு சுற்றை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டு, அதன் மேல் புதுத் துணியைச் சுற்றியிருக்கிறேன்.

\* \* \*

உங்கள் இருவரின் பகிர்வையும் படித்தேன். நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன். எங்கள் தாத்தா பனையேறி. பதனீருக்காகப் பாளை சீவும் அவருடைய பாளை அரிவாள் தீட்டித் தீட்டி இளம்பிறை போல் மெலிந்துவிட்டது. எங்கள் வீட்டில் இப்போது பனை ஏறுபவர் எவரும் இல்லை. எட்டு ஆண்டுகள் அதைச் சுவரில் மாட்டி, மாதந்தோறும் எண்ணெய் பூசி வந்தேன். எண்ணெய் பூசினாலும் உப்புக்காற்றில் துரு வந்துகொண்டே இருந்தது; வேலை செய்யும் அரிவாளில் இல்லாத துரு, வணங்கப்படும் அரிவாளில் ஏறியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தாத்தாவோடு தொழில் செய்த ஒருவரின் மகன் இன்னும் ஏறுகிறார். அவரிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த அன்று கை வெறுமையாக இருந்தது உண்மை. ஆண்டுதோறும் பதனீர்ப் பருவம் முடிந்ததும் அவர் கொஞ்சம் கருப்பட்டியோடு அரிவாளையும் எடுத்துவந்து காட்டுகிறார். துரு இல்லை, முந்தைய ஆண்டைவிட இன்னும் கொஞ்சம் மெலிந்திருக்கிறது.