கேஷ் ஹிட், கேஷ் மிஸ்: ‘கிட்டியவை’, ‘கிட்டாதவை’ என்னும் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

வட்டிலிருந்து படித்த கோப்புகளை மீண்டும் விரைவாகத் தர நினைவகத்தில் வைத்திருக்கும் இடமே கோப்பு கேஷ். கட்டளை வரியில் நொடிக்கு ஒரு வரியாக அதன் நிலையைக் காட்டும் கேஷ்ஸ்டாட் கருவியைத் தமிழாக்கும்போது, நெடுவரிசைத் தலைப்புகளில் ஹிட் (கேட்டது கேஷில் இருந்தது), மிஸ் (இல்லாதது) ஆகியவற்றுக்கு ‘வெற்றி’, ‘தவறு’ என்று வைக்கலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

கணினியை இயக்கியதும் 400 மெகாபைட் கோப்பொன்றை முதன்முறையாகப் படிப்பதாகக் கொள்வோம். நினைவகம் கையாளும் அலகான பக்கத்துக்கு 4 கிலோபைட் என்ற கணக்கில் 1,02,400 பக்கங்களும் வட்டிலிருந்தே வந்தாக வேண்டும். திரையில் ‘தவறு’ என்ற தலைப்பின் கீழ் அந்த எண்ணைப் பார்க்கும் பயனர் வட்டு பழுதாகிவிட்டது என்றே அஞ்சுவார். உண்மையில் எதுவும் தவறவில்லை. கேட்ட பக்கம் நினைவகத்தில் அப்போது இல்லை, அவ்வளவுதான். நினைவகத்தில் இடம் இருந்து அதே கோப்பை உடனே மீண்டும் படித்தால், ஏறத்தாழ எல்லாப் பக்கங்களும் வட்டைத் தொடாமலே வந்துவிடும். கேட்டது கிட்டியதா, கிட்டவில்லையா என்பதே இங்கு எண்ணப்படுவதால், ‘கிட்டியவை’, ‘கிட்டாதவை’, ‘கிட்டு விகிதம்’ (கேட்டவற்றில் கிட்டியவற்றின் பங்கு) என ஒரே வேரிலிருந்து மூன்றையும் அமைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

விகிதம் ஒன்றே போதும் என்பாரும் உண்டு. ஆனால் அது 99 விழுக்காட்டிலிருந்து 98-க்கு இறங்கும்போது, கோரிக்கைகளின் எண்ணிக்கை மாறாதிருந்தால், வட்டுக்குச் செல்பவை இரு மடங்காகின்றன. ஆகவே ‘கிட்டாதவை’ தனித்து நிற்கத்தான் வேண்டும்.

கேஷ் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒலிபெயர்ப்பாகவே விட்டால் ரொக்கப் பணத்தோடு குழம்பும். ‘தற்காலிகச் சேமிப்பு’ பரவலாகப் புழங்கினாலும் தற்காலிகக் கோப்பு என்பதோடு மோதுகிறது, நெடுவரிசைக்கும் நீளம். ஐபிஎம் நிறுவனம் 1968-இல் சிஸ்டம்/360 வரிசையின் 85-ஆம் மாதிரியில் பயன்படுத்திய இச்சொல், ஒளித்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது என்பதால் ‘பதுக்ககம்’ பொருந்தும் என்று தோன்றும். ஆயினும் நம் வழக்கில் பதுக்குபவர் கேட்டாலும் கொடுக்கமாட்டார். லினக்ஸ் இயங்குதளமோ, நிரல்கள் நினைவகம் கேட்கும்போது இந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறது. நீர்த்தேக்கத்தைப் போல, வந்ததை நிறுத்தி வைத்து வேண்டும்போது திறந்துவிடும் இவ்விடத்துக்குத் ‘தேக்ககம்’ என்பதே தகும்.

இதே கருவி எண்ணிக் காட்டும் டர்ட்டி பேஜ் என்பதை ‘அழுக்குப் பக்கம்’ ஆக்கவே கூடாது. நினைவகத்தில் மாறி, வட்டில் இன்னும் எழுதப்படாத பக்கம் அது. கணக்கு எழுதும் எவருக்கும் புரியும் ‘நிலுவைப் பக்கம்’ நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது.

‘தேக்கம்’ முடக்கத்தையும் குறிக்குமே என்ற தயக்கம் எனக்கும் உண்டு. அந்த நிழல் படியாத, இதே அளவு குறுகிய சொல் எவரிடமாவது இருந்தால், அதை ‘கிட்டு விகிதம்’ என்பதோடு சேர்த்து ஒரு முழு வாக்கியத்தில் எழுதிக் காட்டுமாறு வேண்டுகிறேன்.