பரங்கிக்காயில் சர்க்கரை தேடிய கதை: வீட்டு பியரில் காய்கறி, அனுபவப் பகிர்வு

கொலம்பஸ், ஒஹாயோவிலிருந்து:

மூன்று இலையுதிர் காலங்களாகப் பரங்கிக்காய் பியர் காய்ச்சிவருகிறேன். முதல் வருடம் செய்த தவறைச் சொல்லிவிட்டால் உங்களில் ஒருவருக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும்.

அக்டோபரில் இங்கே பண்ணை வாசல்களில் பரங்கிக்காய் மலையாகக் குவிந்து கிடக்கும். சமையலுக்கு உகந்த சிறிய ரகத்தில் 3 கிலோ வாங்கி, பிளந்து, விதை நீக்கி, 180 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் சுட்டேன். ஓரங்கள் கருகி, வெல்லப்பாகு மணம் வீடு முழுவதும் பரவியது. இப்படி மணக்கிற காயில் சர்க்கரை நிறைய இருக்கும், ஈஸ்ட்டுக்கு நல்ல தீனி என்று நம்பினேன். சதையை மசித்து, உடைத்த பார்லி மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி) சேர்த்து 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். மால்ட்டில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது அந்தச் சூட்டில்தான்.

பிறகு சாற்றை வடிக்கப் பாத்திரத்தின் அடிக்குழாயைத் திறந்தேன். நான்கு சொட்டு விழுந்தது, அதோடு நின்றுவிட்டது. சாதாரணமாகப் பார்லியின் உமி அடியில் படிந்து, அதுவே வடிகட்டியாக நிற்கும். பரங்கிச் சதை அந்த இடுக்குகளையெல்லாம் களிமண் போல அடைத்துவிட்டது. கரண்டியால் கிளறினேன், குழாய்க்குள் ஊதிப் பார்த்தேன், கடைசியில் கிண்ணம் கிண்ணமாக மொண்டு துணியில் ஊற்றிப் பிழிந்தேன். முடித்தபோது இரவு பதினொன்றரை.

சாற்றில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.055 காட்டியது (வெறும் தண்ணீருக்கு 1.000). அதே அளவு மால்ட்டில், காய் இல்லாமல், முந்தைய மாதம் காய்ச்சிய 19 லிட்டர் 1.054. அன்று பட்ட பாடு முழுவதற்கும் கிடைத்தது அந்த ஒரு புள்ளி. பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

மறு வருடம் அரை கிலோ நெல் உமி சேர்த்தேன். நம் ஊரில் செங்கல் சூளைக்குப் போகிற அதே உமியை, பியர் சாமான் விற்கும் கடைகளில் இங்கே சுத்தம் செய்து பையில் அடைத்து விற்கிறார்கள். அது சுவை எதையும் சேர்க்காது, சாறு இறங்க வழி விடும். நாற்பது நிமிடத்தில் எல்லாம் வடிந்தது. கையில் உமியை அள்ளியபோது ஊர் நினைவு வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்: "நன்றாக இருக்கிறது. பரங்கிக்காய் எங்கே?" சரியான கேள்வி. நாம் பரங்கிக்காய் பியரின் சுவை என்று எண்ணுவது பட்டை, ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் சுவை. 1980களில் கலிபோர்னியாவின் ஹேவர்டில் பஃபலோ பில்ஸ் என்ற சிறு பியர் ஆலை இந்த வகையை மீட்டெடுத்தபோதும், காயில் சுவை கிடைக்காமல் மசாலாவைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அப்படியானால் மால்ட் கிடைக்காத காலத்தில், அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்கள் பரங்கிக்காயை வைத்து எப்படி பியர் செய்தார்கள்? விடை 1771ஆம் ஆண்டின் ஒரு செய்முறைக் குறிப்பில் இருந்தது. ஆப்பிளை இடிப்பது போலக் காயை இடித்துப் பிழிந்து, சாற்றைச் செப்புக் கொப்பரையில் நெடுநேரம் காய்ச்சச் சொல்கிறது. தண்ணீரை விரட்டுவதுதான் சூட்சுமம்! சென்ற வருடம் 6 கிலோ காயைப் பிழிந்து, சாற்றை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவைத்துச் சேர்த்தேன். 1.059 வந்தது. மசாலா போடவில்லை. சுட்ட தோலின் மணமும் நாவில் ஒரு வழுவழுப்பும் இருந்தன. மனைவி இந்த முறை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

லீட்ஸ், இங்கிலாந்திலிருந்து:

என் அனுபவம் பீட்ரூட்டில். நிறத்துக்காகத்தான் ஆசைப்பட்டேன். ஹாப்ஸோடு (பியருக்குக் கசப்பு தரும் பூ) சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்ததில், கருஞ்சிவப்பாக வர வேண்டியது பழுப்பாகிவிட்டது. பீட்ரூட்டின் நிறமி நீண்ட சூட்டைத் தாங்காது. அடுத்த முறை ஒன்றரைக் கிலோவைத் துண்டாக்கி, இருபது நிமிடம் ஆவியில் வேகவைத்து, முதல் நொதிப்பு அடங்கிய பிறகு போட்டேன். நுரைகூட இளஞ்சிவப்பாக வந்தது.

எதிர்பாராதது வேறொன்று. கண்ணாடிக் கோப்பையை முகர்ந்தால் மண்வாசனை! பீட்ரூட்டில் ஜியோஸ்மின் என்ற பொருள் இருக்கிறது. முதல் மழை விழும்போது மண்ணிலிருந்து எழுவதும் அதுதான். இங்கே நண்பர்கள் பலர் அதைக் குறை என்றார்கள். எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

ஆல்புகர்க்கி, நியூ மெக்சிகோவிலிருந்து:

ஆகஸ்ட் முடியும்போது இந்த ஊரே பச்சை மிளகாய் சுடும் புகையில் மணக்கும். கடை வாசலில் இரும்புக் கூண்டைச் சுழற்றி, அடியில் தீ விட்டுச் சுடுவார்கள். அதைப் பியரில் பிடித்துவைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

முதல் முறை தோலுரித்த மிளகாயைப் பத்து நாள் ஊறவிட்டேன். குடிக்க முடியவில்லை. மிளகாயின் காரம் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஆகவே பியருக்குள் இருக்கும் வரை காரம் ஏறிக்கொண்டே போகும், புகை மணமோ முதல் இரண்டு நாளிலேயே வந்துவிடும். இப்போது விதையும் நரம்பும் நீக்கி, துணிப்பையில் கட்டிப் போட்டு, தினமும் காலையில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைக்கிறேன். தொண்டையில் லேசாகச் சுட்டதும் பையை எடுத்துவிடுவேன். பெரும்பாலும் மூன்றாம் நாள். மிளகாய் எண்ணெயால் நுரை நிற்பதில்லை, அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

மெல்பர்னிலிருந்து:

ஒரே ஓர் எச்சரிக்கை. காய்த்துண்டுகளை நொதிக்கும் வாளியில் போடுகிறவர்கள் சிறிய ஏர்லாக்கை (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பான்) நம்பாதீர்கள். என் கேரட் துருவல் நுரையோடு மேலேறி அதை அடைத்துவிட்டது. அதிகாலை இரண்டு மணிக்கு மூடி பறந்தது. குழந்தைகள் அலறி எழுந்தார்கள், கூரையில் கறை இன்றும் இருக்கிறது. விரற்கடை அகலமுள்ள குழாயை மாட்டி, அதன் மறுமுனையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் முக்கிவையுங்கள்.

மீண்டும் கொலம்பஸிலிருந்து:

மெல்பர்ன் நண்பருக்கு நன்றி, அகலக் குழாயை இன்றே வாங்கிவிட்டேன். அடுத்தது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. ஜப்பானில் கவகோவே நகரத்து கோயெடோ ஆலை அந்தக் கிழங்கைச் சேர்த்துச் செய்யும் பெனியாகா பியரைக் குடித்ததிலிருந்து இந்த எண்ணம் விடவில்லை. பரங்கிக்காயைப் போல இது தண்ணீர்க் காய் இல்லை, மாவுச்சத்து நிறைந்தது. அதைச் சர்க்கரையாக்கும் நொதியும் கிழங்கிலேயே இருப்பதால், மெல்லிய தீயில் நிதானமாகச் சுட்டால் இனிப்பு ஏறும். 4 கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், உமியும் இருக்கிறது. லீட்ஸ் நண்பரே, கிழங்கில் அந்த மண்வாசனை வருமா? சனிக்கிழமை காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் சொல்லுங்கள்.