மறு: சங்கிலி ரம்பக் கையேடு – வாளா ரம்பமா என்பது அப்புறம், முதலில் இரண்டு மூடிக்கும் பெயர்

வணக்கம்.

செயின்சா கையேட்டைத் தமிழில் மொழிபெயர்க்கிற வரைவில் எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் வைப்பது என்று நடக்கிற இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பாதிப் பேர் ‘வாள்’ கட்சி, மீதிப் பேர் ‘ரம்பம்’ கட்சி. இலங்கை நண்பர்களுக்குத் தச்சர் கையில் இருப்பதே வாள்தான், நாஞ்சில் நாட்டுப் பக்கமும் அப்படிச் சொல்வதுண்டு, அதனால் அவர்களுக்குச் ‘சங்கிலி வாள்’ உறுத்தாது. பட்டுக்கோட்டைப் பக்கம் அதையே சொன்னால் ராஜா காலத்துப் படத்தில் வருகிற ஆயுதம் என்று நினைப்பார்கள். இங்கே கையேட்டைக் கையில் வாங்கப் போகிற ஆள் ‘மரம் அறுக்கிற மெஷின்’ என்பார், இல்லையென்றால் ‘செயின்சா’ என்பார். தலைப்பில் ‘சங்கிலி ரம்பம்’ என்று போட்டு, முதல் பத்தியில் செயின்சா என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். இலங்கைப் பதிப்பில் வாள் என்றே இருக்கட்டும். ஸ்டில் என்ற ஜெர்மன் கம்பெனியின் மெஷின்களில் எம்.எஸ். என்று எழுத்து இருக்கும், அதற்கு ஜெர்மனில் ‘மோட்டார் ரம்பம்’ என்றுதான் அர்த்தம், சங்கிலி என்ற பேச்சே அதில் இல்லை. இந்தப் பெயரை எப்படி வைத்தாலும் யாருக்கும் விரல் போகாது. விரல் போகிற, எஞ்சின் போகிற சொற்கள் வேறே இருக்கின்றன, அவற்றை யாரும் தொடவில்லை என்பதுதான் என் குறை.

> மூலத்தில் ‘கேஸ்’ என்று இருப்பதால் ‘எரிவாயுச் சங்கிலி ரம்பம்’ என்று போட்டிருக்கிறேன்.

இதை உடனே எடுத்துவிடுங்கள். அமெரிக்கர்கள் பெட்ரோலைக் ‘கேஸலின்’ என்பார்கள், பேச்சில் அது ‘கேஸ்’ ஆகிவிடும். நம் ஊரில் கேஸ் என்றாலும் எரிவாயு என்றாலும் சிலிண்டர்தான். ‘பெட்ரோல் சங்கிலி ரம்பம்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. செய்தித்தாள்களில் இதற்கு நேர்மாறான கூத்து நடக்கிறது: சாலையோர மரத்தைப் பெட்ரோல் மெஷினால் அறுத்துப் போட்டிருப்பார்கள், செய்தியில் ‘மின்சார ரம்பத்தால் வெட்டினர்’ என்று வரும், அந்த இடத்தில் கரண்ட் கம்பமே இருக்காது. மின்கம்பி, பேட்டரி, பெட்ரோல் என்று மூன்று வகை உண்டு. கையில் இருப்பது எது என்று முதல் பக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற கைப்பிடியும், சைலன்சரும், இரண்டு மூடியும் இருந்தால் அது பெட்ரோல்.

அந்த இரண்டு மூடிதான் விஷயம். ஒன்று எஞ்சினுக்கான பெட்ரோல், பெரும்பாலும் பின்கைப்பிடிப் பக்கம் இருக்கும், மேலே பெட்ரோல் பங்க் படம் போட்டிருக்கும். இன்னொன்று சங்கிலிக்கான எண்ணெய், முன்பக்கம், சங்கிலியும் ஒரு சொட்டும் படமாக இருக்கும். வரைவில் இப்போது ‘இருவீச்சு எந்திர மசகெண்ணெய்’ என்று ஒன்று, ‘சங்கிலி மசகெண்ணெய்’ என்று ஒன்று. வெயிலில் வியர்வையோடு படிக்கிறவன் கண்ணில் கடைசிச் சொல்தான் விழும், இரண்டும் மசகெண்ணெய், எந்த மூடியில் எது என்று குழம்புவான். சங்கிலி எண்ணெயைப் பெட்ரோல் தொட்டியில் ஊற்றினால் புகை கக்கும், பிளக் நனையும், தொட்டியைக் கவிழ்த்துக் கழுவ வேண்டும், அதோடு போகும். வெறும் பெட்ரோலை ஊற்றினால் நிலைமை வேறு. இந்த எஞ்சினுக்குத் தனி ஆயில் அறை கிடையாது, பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு. அது இல்லாமல் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டனில் கோடு கோடாகக் கீறல் விழுந்து சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் சிலிண்டர் செட் மாற்ற வேண்டியதுதான்.

பெட்ரோலோடு கலக்கிற அந்த ஆயிலுக்குக் ‘கலப்பெண்ணெய்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். கேட்டதும் கலப்படம்தான் ஞாபகம் வருகிறது, வேண்டாம். ‘2டி ஆயில்’ என்ற சொல்லை டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் காலத்திலிருந்தே பங்க்கில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும், அதை ஏன் விரட்ட வேண்டும்? என் யோசனை இதுதான்: கையேடு முழுக்க ‘எண்ணெய்’ என்று வந்தால் அது சங்கிலி எண்ணெய் மட்டுமே. எஞ்சினுக்குப் போவதை எண்ணெய் என்று ஓரிடத்திலும் எழுதக் கூடாது, ‘2டி’ என்றே எழுத வேண்டும். பெட்ரோலும் 2டியும் சேர்ந்தது ‘2டி கலவை’. வெறுமனே ‘கலவை’, ‘கலந்த பெட்ரோல்’ என்றால் போதாது, ஏனென்றால் இன்று பங்க்கில் பிடிக்கிற பெட்ரோலிலேயே எத்தனால் கலந்துதான் வருகிறது, “அதான் ஏற்கெனவே கலந்திருக்கே” என்று ஒருவன் கேட்டால் அவன்மேல் தப்பில்லை. மூடிகளுக்குக் ‘கலவை மூடி’, ‘எண்ணெய் மூடி’.

விகிதத்தையும் 50:1 என்று தனியாக நிறுத்த வேண்டாம். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி என்று எழுதுவோம், ஐந்து லிட்டர் கேனுக்கு 100 மில்லி. இது மெஷின் கம்பெனி சொல்கிற தரமான 2டிக்கு. சாதாரண 2டி என்றால் 25:1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி என்று சில கம்பெனிகள் கேட்கின்றன, அந்தந்த மெஷினோடு வந்த தாளைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டும். கலப்பது தனிக் கேனில், மெஷின் தொட்டிக்குள் இல்லை, ஊற்றும் முன் கேனைக் குலுக்க வேண்டும். கலவை ஊற்றும்போதெல்லாம் எண்ணெயையும் நிரப்பிவிட வேண்டும், எண்ணெய் தீர்வதற்குள் கலவை தீர்ந்துவிடுகிற மாதிரிதான் தொட்டிகளின் அளவை அமைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஆறிய பிறகு நிரப்பி, நிரப்பிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய வண்டி ஆயிலைச் சங்கிலிக்கு ஊற்றுகிற வழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது, கையேட்டில் அதற்கு நேரடியாக ‘ஊற்றாதீர்கள்’ என்றே இருக்கட்டும், அதில் இரும்புத் துகளும் கசடும் வரும், சங்கிலியிலிருந்து தெறித்துத் தோலிலும் படும். நல்ல சங்கிலி எண்ணெய் பிசுபிசுவென்று ஒட்டும், அந்த ஒட்டல் இருப்பதால்தான் அந்த வேகத்திலும் சங்கிலியை விட்டுப் பறந்துவிடாமல் நிற்கிறது.

எத்தனால் பற்றிச் சொன்னேனே, அது ஈரத்தை இழுக்கும். அதனால் மெஷினை மாதக்கணக்கில் மூலையில் வைக்கிறவர்கள் கலவையை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட்டி, கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற மெல்லிய ரப்பர்த் தகடு விறைத்துப்போகும். அதற்கு வரைவில் ‘உதரவிதானம்’ என்று இருக்கிறது! மெஷினுக்கு விக்கல் எடுக்குமோ என்று பட்டறையில் கேட்பார்கள். ‘கார்புரேட்டர் ஜவ்வு’ போதும்.

அடுத்து ‘பட்டை’. சங்கிலி ஓடுகிற நீளமான இரும்பை ‘வழிகாட்டிப் பட்டை’ என்று எழுதியிருக்கிறார்கள். வேறு எந்த மெஷினாக இருந்தாலும் சரி என்று விட்டிருப்பேன். இது மரம் அறுக்கிற மெஷின், மரத்துக்கும் பட்டை இருக்கிறது. ‘பட்டையில் மண் இருந்தால் துடைக்கவும்’ என்றால் எந்தப் பட்டை? இரண்டையுமே துடைக்க வேண்டும் என்பது வேறு விஷயம். கடைக்காரர்கள் ‘பார்’ என்கிறார்கள், எழுத்தில் அது ‘பார்’ என்ற வினையோடு மோதுகிறது, ‘பார் நுனியைப் பார்’ என்றெல்லாம் வரும். நான் முன்வைப்பது ‘அலகு’. கத்தியின் அலகு என்று வழக்கில் இருக்கிறது, நீட்டிக்கொண்டிருக்கிற பொருளுக்குப் பொருந்துகிறது. அளவைக்கும் அலகுதானே என்று யாராவது சொல்வார்கள். இந்தக் கையேட்டில் இஞ்சும் மில்லியும்தான் வருகின்றன, ‘அளவை அலகு’ என்று எழுத வேண்டிய இடமே இல்லை. அலகின் ஓரத்தில் சங்கிலி உட்காருகிற பள்ளத்துக்குத் தச்சர் சொல்லான ‘காடி’ இருக்கிறது, புதிதாக ஒன்றும் தேட வேண்டாம்.

இந்தச் சொற்கள் சங்கிலி வாங்கும்போது உதவும். கடையில் “எத்தனை இஞ்ச்?” என்று கேட்பார்கள், 18 என்று சொல்லி வாங்கி வந்தால் மாட்டாது, ஏனென்றால் நீளம் மட்டும் போதாது. மூன்று அளவு வேண்டும். ஒன்று கண்ணி இடைவெளி, அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளில் முதலுக்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தை அளந்து பாதியாக்கினால் வருவது, 3/8 இஞ்ச், 0.325 இஞ்ச் என்று இருக்கும். இரண்டாவது, காடியின் அகலம், 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மூன்றாவது, காடிக்குள் இறங்கி நிற்கிற கண்ணிகளின் எண்ணிக்கை. அந்தக் கண்ணியைத்தான் பற்சக்கரம் பிடித்து இழுக்கிறது, அதனால் ‘இழுகண்ணி’. பெரும்பாலும் இந்த மூன்றும் அலகில் மெஷினை ஒட்டிய பக்கத்திலேயே பொறித்திருக்கும், பிசினும் தூளும் மூடிக் கிடக்கும், துணியால் தேய்த்தால் எழுத்து தெரியும். மெஷினின் மாடலும் சிசியும் உடம்பில் ஒட்டிய தகட்டில் இருக்கும்.

பற்களுக்கு ‘வெட்டுப்பல்’ என்ற பரிந்துரை வந்தது. அது பள்ளிக்கூடப் பாடத்தில் நம் வாயில் இருக்கிற முன்பல். ‘பல்’ என்றே விட்டு, ‘இடப்பல்’, ‘வலப்பல்’ என்று பிரித்தால் போதும், ஒன்று விட்டு ஒன்று அப்படித்தான் மாறி மாறி வரும். இந்த அமைப்புக்கு ஒரு கதை உண்டு. 1946இல் அமெரிக்காவின் ஒரேகான் காட்டில் வேலை செய்த ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடைகிற வண்டுப் புழு ஒன்று தாடையை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி நாரோட்டத்தின் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே மாதிரி தின்றுகொண்டு போவதைப் பார்த்தார், அதை வைத்துப் பல்லை அமைத்தார். இன்று நாம் மாட்டுகிற சங்கிலி பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். வரைவில் அது ‘ஆழமானி’. மானி என்றால் அளந்து காட்டுவது, வெப்பமானி மாதிரி. இந்த மேடு எதையும் அளந்து காட்டாது, பல் எவ்வளவு கடிக்கலாம் என்று தடுத்து நிறுத்துகிறது, பல் நுனிக்கும் மேட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் 0.65 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ‘கடிமட்டம்’ என்று வைப்போம். மட்டம் என்பது கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் தெரிந்த சொல், ‘கடிமட்டம் இறங்கிப்போச்சு’ என்றால் பல் அதிகமாகக் கடித்து மெஷின் உதறும் என்பது பேச்சிலேயே புரிந்துவிடும். பல்லுக்கு உருண்டை அரம், கடிமட்டத்துக்குத் தட்டை அரம். 0.325 சங்கிலி என்றால் உருண்டை அரம் 4.8 மில்லிமீட்டர், சின்ன மெஷின்களில் வருகிற உயரம் குறைந்த 3/8 சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர். உள்ளேயிருந்து வெளியே ஒரே திசையில் தள்ள வேண்டும், பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகைச் சாய்வு, ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கைத் தள்ளு. எப்போது அரம் போடுவது என்று தெரிய, கீழே விழுவதைப் பார்த்தால் போதும்: சிராய் விழுந்தால் கூர் இருக்கிறது, மாவு மாதிரித் தூள் விழுந்தால் போய்விட்டது. முனை மழுங்கிய பல்லை வெயிலில் திருப்பிப் பார்த்தால் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும், கூரான விளிம்பு மின்னாது.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு எங்கள் ஊர்த் தோப்புகளில் தென்னை மொத்தமாகச் சாய்ந்து மணலில் கிடந்ததை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். மணலில் கிடக்கிற தென்னையை ஒரேயடியாகக் கீழ்வரை அறுத்தால் அலகு மண்ணைத் தொட்டுவிடும், தொட்ட நொடியில் எல்லாப் பல்லும் போச்சு. அடியில் கட்டை கொடுத்துத் தூக்கிவிட்டு அறுக்க வேண்டும். கையேட்டில் இந்த வரி இல்லை, மொழிபெயர்ப்பு என்பதற்காகச் சேர்க்காமல் விட வேண்டுமா?

சங்கிலி இறுக்கம் பற்றிய பத்தி நன்றாகவே இருக்கிறது, ஒரு வரி மட்டும் சேருங்கள்: சூடாக இருக்கும்போது இறுக்கிய சங்கிலியை வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும், ஆறும்போது அது சுருங்கி அலகையும் எஞ்சினின் கிராங்க் தண்டையும் இழுத்துக்கொண்டு நிற்கும்.

> ‘பின்னுதைப்பு’ எல்லோருக்கும் சம்மதம்தானே?

எனக்கு இல்லை. துப்பாக்கி தோளில் உதைக்கிறதே, அது பின்னுதைப்பு, நேராகப் பின்னால் வரும். இங்கே அலகு நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் அலகு மேலே கிளம்பி ஆளின் முகத்தை நோக்கி வரும், வேலைக்காரர்கள் ‘மெஷின் எகிறும்’ என்பார்கள். ‘எகிறல்’ என்று வைத்தால், எந்தப் பக்கம் போகும் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நுனியின் அந்த மேல்பாதி ‘எகிறல் முனை’. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கிற காப்புத் தகடு எகிறும்போது மணிக்கட்டில் பட்டு முன்னால் சாயும், சங்கிலி நின்றுவிடும். அதற்குச் ‘சங்கிலி பிரேக்’, பிரேக்கைத் தமிழாக்க வேண்டாம்.

அதே மாதிரி பிளக், கிளட்ச், கார்புரேட்டர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ‘எகிறல்’, ‘கடிமட்டம்’, ‘இழுகண்ணி’ மூன்றுக்கும் இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடலாம். ‘எண்ணெய்’ விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சோக்குக்குத் ‘திணறடிப்பான்’ என்று பரிந்துரைத்தவரும் தயவுசெய்து சோக்கை விட்டுவிடுங்கள்.