ஜிஃப்பில் முதல் ஃப்ரேம் மட்டும் நிறம் மாறுகிறது, ஏன்?

கேள்வி:
மார்கழியில் ஒரு நாள் காலை ஆறே காலுக்குப் பாட்டி இழைக்கோலம் போட்டதைப் போனில் எடுத்து, 42 ஃப்ரேமில் ஜிஃப் ஆக்கி வைத்திருந்தேன். சரியாக விடியாத நேரம், எல்லாம் நீலம் பாய்ந்திருக்கிறது. காவி பழுப்பாகவும் மாவு சாம்பலாகவும் தெரிகின்றன. போட்டோஷாப்பில் ஜிஃப்பைத் திறந்து கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (படத்தைத் தொடாமல் அதன் மேல் நின்று நிறத்தைத் திருத்தும் அடுக்கு) போட்டேன். முதல் ஃப்ரேம் அழகாக வந்தது, ஓடவிட்டால் இரண்டாவதிலிருந்து பழைய நீலம்தான். 42 லேயருக்கும் தனித்தனியாகப் போட வேண்டுமா? பாட்டிக்கு இப்போது கை நடுங்குகிறது, மறுபடி எடுக்க வழியில்லை.

பதில்:
ஒன்றே போதும். அட்ஜஸ்ட்மென்ட் லேயர் தனக்குக் கீழே இருப்பதை மட்டும்தான் மாற்றும். ஜிஃப்பைத் திறந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு லேயராக அடுக்கியிருக்கும், முதல் ஃப்ரேம் அடியில் இருக்கும். லேயர் 1-ஐத் தொட்டுவிட்டுப் போட்டிருப்பீர்கள், கர்வ்ஸ் அதற்கு மேலேயே உட்கார்ந்துவிட்டது. அதை எல்லாவற்றுக்கும் உச்சியில் இழுத்து வையுங்கள். அப்புறமும் சில ஃப்ரேமில் வராவிட்டால், டைம்லைனில் எல்லா ஃப்ரேமையும் தேர்ந்தெடுத்து அந்த லேயரின் கண் குறியைப் போடுங்கள். ஒவ்வொரு லேயருக்கும் ஆட்டோ லெவல்ஸ் மட்டும் கொடுக்காதீர்கள். அது ஒவ்வொன்றையும் தனியாக அளந்து திருத்தும், ஓடும்போது வெளிச்சம் துள்ளும்.

இன்னொரு பதில்:
மேலே சொன்னது சரி. ஆனால் போனில் அந்த வீடியோ இன்னும் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து அதிலிருந்து தொடங்குங்கள். ஜிஃப்பில் ஒரு ஃப்ரேமுக்கு 256 நிறம்தான். உங்கள் ஜிஃப்பில் அதில் பெரும்பங்கை அந்த நீலமே தின்றிருக்கும், காவிக்கு நாலைந்து சாயல் மிஞ்சியிருந்தால் அதிகம். அதைக் கர்வ்ஸில் இழுத்தால் திட்டுத்திட்டாகப் பிரியும், இல்லாத சாயல் திரும்பி வராது. ஃபைல், இம்போர்ட், வீடியோ ஃப்ரேம்ஸ் டு லேயர்ஸ் வழியாக வீடியோவைக் கொண்டு வாருங்கள். கலர் பேலன்ஸில் நீலத்திலிருந்து மஞ்சள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, செலக்டிவ் கலரில் சிவப்பை மட்டும் தொடுங்கள். சேவ் ஃபார் வெப்பில் 256 நிறம், டிஃப்யூஷன் டிதர் (இருக்கும் நிறப் புள்ளிகளைக் கலந்து இல்லாத சாயலைக் காட்டும் முறை) வையுங்கள். மாவை வெள்ளைவெளேர் என்று ஆக்க வேண்டாம். ஈர மாவு காயும்வரை மங்கலாகத்தான் இருக்கும், அந்த நேரத்தின் அழகே அதுதான்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வீடியோ அக்காவின் போனில் இருந்தது! உச்சியில் இரண்டே லேயர், 42 ஃப்ரேமும் ஒரே நிறமாக ஓடுகின்றன. பாட்டியிடம் காட்டினேன். காவியைப் பார்த்துவிட்டு, “இது நம்ம வாசல்தான்” என்றார்.