சாமியைக் குழந்தைக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

தொடங்கி வைப்பவர், ஒரு அம்மா:

என் மகளுக்கு நாலரை வயது. மொட்டை மாடியில் நிலாவைக் காட்டி, "இத யாரும்மா மேல மாட்டுனது?" என்றாள். வீட்டில் சாமி படம் உண்டு. ஆனால் உலகத்தைப் படைத்தது சாமி என்று நாங்கள் யாரும் அவளிடம் சொன்னதில்லை. மாமனாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, சொல்லிக் கொடுக்காமலே கேக்குது. அது உள்ளேயே இருக்கு" என்றார். என் கணவரோ, "வீட்ல எதை மாட்டுனாலும் நான்தான் ஆணி அடிக்கிறேன். அதைப் பாத்துட்டுக் கேக்குறா" என்கிறார். எனக்கு இரண்டுமே சரி போலத்தான் இருக்கிறது. குழந்தைகளின் கற்பனை கடவுள் இருப்பதற்கு அடையாளமா? தத்துவம் குறைவாக, நேரில் கண்டதை எழுதினால் நல்லது.

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஆசிரியர்:

எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு மொழியே இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் காது கேட்கும், யாருக்கும் சைகை மொழி தெரியாது. சோறு, தண்ணீர், அடி விழும் என்பதற்கெல்லாம் வீட்டளவில் ஏதோ சைகை வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். கடவுளைப் பற்றி அவர்களுக்கு ஒருவரும் எதையும் சொல்லியிருக்க முடியாது.

அப்படித் தாமதமாக வந்து சேர்ந்த ஒரு பையன், சைகை மொழி நன்றாகப் பழகிய பிறகு, ஒரு மழை நாளில் ஜன்னலோரம் நின்றிருந்தான். பள்ளிக்கு வருவதற்கு முன்னால் மின்னலை என்னவென்று நினைத்தாய் என்று கேட்டேன். மேலே ஒரு ஆள் ஃபோட்டோ எடுக்கிறார் என்று நினைத்தானாம். கல்யாண வீட்டில் ஃபிளாஷ் அடிப்பதைப் பார்த்திருக்கிறான்.

சரி, கோயிலுக்குப் போவாயே, அங்கே இருப்பது யார் என்று நினைத்தாய்? அவன் சொன்ன பதிலை இன்றும் மறக்க முடியவில்லை. "பெரிய பணக்காரர் வீட்டுக் குழந்தை. குளிப்பாட்டுகிறார்கள், துணி கட்டுகிறார்கள், சாப்பாடு காட்டுகிறார்கள். அதுவாக எதுவும் செய்வதில்லை."

கவனியுங்கள். வீட்டார் கூட்டிப் போய்க் கும்பிட வைத்த இடத்தில் அவனுக்குக் கடவுள் கிடைக்கவில்லை. யாருமே காட்டாத மின்னலுக்குப் பின்னால்தான் ஒருவர் இருந்தார். மேலே இருந்தவரும் கோயிலில் இருந்தவரும் ஒருவர்தான் என்பது மொழி வந்த பிறகு நாங்கள் சொல்லித் தந்தது.

இது புதிய செய்தி இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1851இல் பிறந்த தியோஃபிலஸ் டெஸ்ட்ரெல்லாவுக்கும் காது கேட்காது. பின்னாளில் கலிஃபோர்னியாவின் காது கேளாதோர் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். மொழி கற்பதற்கு முன், குன்றுகளுக்குப் பின்னால் ஒரு பலசாலி ஒளிந்துகொண்டு காலையில் சூரியனை நெருப்புப் பந்தாக மேலே எறிகிறான், மாலையில் பிடித்துக்கொள்கிறான் என்று நினைத்திருந்ததாக எழுதினார். நட்சத்திரங்கள், தெருவில் விளக்கேற்றுவது போல அவன் ஏற்றியவை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இதை 1892இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்னால், காது கேளாத பாலர்ட் என்ற இன்னொருவரின் நினைவையும் அவர் எடுத்துக் காட்டியிருந்தார். அப்பாவுடன் வண்டியில் போகும்போது, எழுத்து கற்பதற்குச் சில வருடங்கள் முன்பே, "உலகம் எப்படி வந்தது?" என்று தனக்குள் கேட்டதாகச் சொன்னவர் பாலர்ட்.

தத்துவவாதி விட்கென்ஸ்டைன் பாலர்ட் சொன்னதை எளிதில் விடவில்லை. சொல்லே இல்லாமல் நினைத்ததைப் பின்னால் சொல்லாக்கும்போது அது சரியான மொழிபெயர்ப்புதான் என்று உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என் மாணவன் விஷயத்திலும் அந்தச் சந்தேகம் நியாயமானதே. தினமும் பிரார்த்தனை நடக்கும் பள்ளி எங்களுடையது. ஆனால் அந்தக் கோயில் பதிலை அவன் எங்களிடமிருந்து எடுத்திருக்க முடியாது. எங்கள் பிரார்த்தனைக்கு நேர்மாறாக அல்லவா இருக்கிறது!

என் அபிப்பிராயம்: 'யாரோ ஒருவர்' குழந்தையிடமே இருக்கிறார். அவருடைய தொழில் மட்டும் ஊரிலிருந்து வருகிறது. ஒருவனுக்கு ஃபோட்டோகிராஃபர், இன்னொருவருக்குப் பந்து எறிகிறவன், உங்கள் மகளுக்கு ஆணி அடிக்கிற அப்பா. அந்த 'யாரோ' உண்மையிலேயே இருக்கிறாரா என்பதற்கு என் வகுப்பறையில் பதில் இல்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

எங்கள் வீட்டில் சாமி என்றால் முதல் பாடம் "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்". உபயம் என் மாமியார்.

ஜஸ்டின் பாரெட் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் சிலரும் 2001இல் வெளியிட்ட சோதனையைப் படித்துவிட்டு நானும் செய்து பார்த்தேன். பிஸ்கட் பெட்டிக்குள் பிஸ்கட் இருக்காது, கல் இருக்கும். குழந்தைக்குத் திறந்து காட்டிவிட்டு, அம்மா வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நினைப்பாள், கடவுள் என்ன நினைப்பார் என்று கேட்பார்கள். மூன்று வயதில் 'எல்லோருக்கும் கல் என்று தெரியும்' என்கிறார்கள். ஐந்து, ஆறு வயதில் அம்மா ஏமாறுவாள், கடவுள் ஏமாற மாட்டார்.

நம் வீடுகளில் இதற்குத் தனியாக ஏற்பாடே வேண்டாம். பிஸ்கட் டப்பாவில் நூல்கண்டும் ஊசியும்தானே இருக்கும்! சின்னவள், பாட்டி உட்பட எல்லோருக்கும் தெரியும் என்றாள். பெரியவன், "பாட்டி பிஸ்கட்னு நெனச்சு ஏமாந்துடும். சாமிக்குத் தெரியும்" என்றான். பக்கத்து வீட்டுப் பூனைக்கு? "அது மோந்து பாத்துடும்."

ஆக, எல்லாம் தெரிந்த ஒருவரைக் குழந்தை பாடுபட்டுக் கற்க வேண்டியதில்லை. மனிதர்களுக்குத் தெரியாது என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது. பாரெட் நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர். இது தன் நம்பிக்கைக்குப் பொருந்துகிறது என்பது அவர் கட்சி. எனக்கு அதோடு ஒரு நெருடலும் உண்டு. பாட்டி ஏமாந்ததைப் பையன் பலமுறை பார்த்திருக்கிறான். சாமி ஏமாந்து அவன் எப்போது பார்த்தான்?

பேரன்:

எல்லோரும் குழந்தைகளைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் எழுதுவது தாத்தாவைப் பற்றி. கருப்புச் சட்டைக்காரர். எங்கள் அப்பாவுக்குச் சுயமரியாதைத் திருமணம் செய்து வைத்தவர், வாசலில் பூசணிப்பூகூட வைக்க விடாதவர். கடைசிக் காலத்தில் அல்சைமர் என்ற மறதி நோய் வந்தது. ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தபடி, "யாரோ செடிக்குத் தண்ணி விடுறாங்க. நல்ல மனுஷன்" என்றார்.

பிறகுதான் தெரிந்தது, இதை ஆராய்ந்தே இருக்கிறார்கள் என்று. டெபோரா கெலமன் என்ற உளவியலாளர், பாறை ஏன் கூராக இருக்கிறது போன்ற கேள்விகளைச் சிறுவர்களிடம் கேட்டு, எல்லாமே ஏதோ ஒன்றுக்காக இருக்கிறது என்று அவர்கள் சாய்வதைக் காட்டியவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2007இல் அல்சைமர் நோயாளிகளிடம் கேட்டபோது, செடிகளும் விலங்குகளும் குடிப்பதற்காக மழை இருக்கிறது என்ற மாதிரி விளக்கங்களை அவர்களும் விரும்பினார்கள். வளர்ந்ததும் அந்தப் பழக்கம் போய்விடுவதில்லை, படிப்பு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் வேறு அர்த்தம் எடுத்தார்கள். அத்தை கையெடுத்துக் கும்பிட்டு, "கடைசியிலயாவது அப்பாவுக்குப் புத்தி வந்துச்சே" என்றார்.

அப்பா, "புத்தி போனதாலதான் அப்படிச் சொல்றாரு" என்றார்.

தாத்தா இருவரையும் பார்த்துவிட்டு, "குடை எடுத்துட்டு வந்தீங்களா?" என்றார்.