புதுப்பிப்பு: எட்டாவது பறை

எங்கள் பள்ளிப் பறைக்குழுவின் எட்டுப் பேரில் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோனதையும், அவன் இல்லாமல் கலைத் திருவிழாவில் ஆடலாமா என்று மற்ற பிள்ளைகள் தவித்ததையும் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். ஆடினார்கள். அவன் இடத்தில் வேறு எவரையும் சேர்க்காமல், வரிசையின் இடது ஓரத்தை வெற்றாகவே விட்டு, ஏழு பேராக ஆடினார்கள்.

துக்கத்தின்போது பறை அடித்தால் சாப்பறை என்று ஊர் பேசுமே எனச் சக ஆசிரியர் ஒருவர் தயங்கினார். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை எண்ணுகிறது என்பதையும், உழவுக்கும் விழாவுக்கும் முழங்கிய கருவி அது என்பதையும் எடுத்துச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

மேடையேறுவதற்குச் சற்று முன், வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சியபோது, யாரும் அடிக்கப்போவதில்லை என்று தெரிந்திருந்தும் அவனுடைய பறையையும் தீயருகே பிடித்து, விரலால் தட்டி, "சுதி ஏறிடுச்சு சார்" என்றாள் குழுவிலேயே இளையவள். எனக்குப் பேச்சு வரவில்லை. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் அதைக் கேட்கவும் இல்லை.

அந்தப் பறையை அவன் தாயிடம் ஒப்படைத்தோம். வாங்கிக்கொண்டவர், வலக்கையில் அவன் பிடிக்கும் அடிக்குச்சியை மட்டும் குழுவிடமே இருக்கட்டும் என்று திருப்பித் தந்தார்.