மாக்கலை (shale, களி படிஞ்சு இறுகித் தட்டுத்தட்டா உரியிற கல்லு) நேரில கண்டவங்க ஆரும் இரிக்கிறீங்களா?

படுவான்கரை டீச்சர்:
உயர்தரத்துக்குப் புவியியல் படிப்பிக்கிறன். அடையற்பாறை (மண், களி படிஞ்சு இறுகின பாறை) பாடம் முடிஞ்ச அடுத்த நாள் ஒரு பிள்ளை களிக்கட்டி ஒண்டக் கொண்டந்து மேசையில வச்சிது. புரட்டாதி வெயிலுக்கு வட்டையில வெடிச்சுக் கிடந்தது. நகத்தால நெம்பத் தட்டுத்தட்டா உரிஞ்சிது. "டீச்சர், இதுதானே மாக்கல்?" ஓம் எண்டிட்டன். மற்ற நாள் கிளாசில தண்ணி ஊத்தி அதப் போட்டாள். கொஞ்ச நேரத்தில சேறு. பிள்ளை ஒண்டும் கேக்கல்ல, கிளாசையே பாத்துக்கொண்டு நிண்டாள்.

நம்மட பக்கம் முழுக்க விஜயன் தொகுதி எண்ட பழைய உருமாறிய பாறை, பட்டைக்கருங்கல் (gneiss). மாக்கலுக்கு இங்க இடமே இல்ல. தெரிஞ்சிருந்தும் ஓம் எண்டதுதான் இன்னும் உறுத்துது.

கல்முனை ரிக்காரன்:
டீச்சர், தண்ணியில கரைஞ்சதால மட்டும் கல்லில்ல எண்டு சொல்லேலாது. நான் கட்டாரில எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக்கில நிண்டவன். மேல வாற கல்துகள் சல்லடையில விழும். ஒருநாள் புவியியலாளர் ஒரு சாம்பல் துண்டை எடுத்துப் பல்லுக்கிடையில வச்சுக் கடிச்சார். நறநறத்தா நுண்மணல் கூட, வழுவழுத்தா களி கூட எண்டார். எனக்கும் ஒண்டு தந்தார், வெண்ணெய் மாதிரி வழுக்கிச்சு. அதே கல்லுதான் தண்ணி குடிச்சு ஊதி, உள்ள குழாயை இறுக்கிப் பிடிச்சு, ராத்திரி முழுக்க எங்களை நிக்க வச்சது.

ஆரையம்பதி அண்ணன்:
மாக்கல் எண்ட சொல்லே குழப்பம். தஞ்சாவூரில கல்சட்டி வாங்கப் போனன், கடைக்காரர் "இது மாக்கல் சட்டி" எண்டார். அது சவர்க்காரக்கல், உருமாறிய பாறை. அங்க புத்தகத்தில நம்மட மாக்கலைக் களிப்பாறை எண்டுவாங்க.

டீச்சர், இப்பிடிச் சொல்லிக் குடுங்க. கல்லில இரிக்கிற மணித்துகள் 0.0625 மில்லிமீற்றருக்குக் கீழ எண்டா சேற்றுப்பாறைக் குடும்பம். 0.004க்கும் கீழ போனா களி. தட்டுத்தட்டா உரிஞ்சா மாக்கல், உரியாமக் கட்டியா உடைஞ்சா சேற்றுக்கல். உரியிறது மட்டும் போதாது, இறுகிக் கல்லாகியிருக்கவும் வேணும். பழைய சிலேற்றுப் பலகை ஒண்டு தேடி எடுங்க, அதுவும் மாக்கல் அமுங்கி வந்ததுதான். உலகத்து அடையற்பாறையில பாதிக்கு மேல இந்தக் குடும்பம் எண்டதையும் சொல்லுங்க. பிள்ளைகளைப் புத்தளம் தப்போவைக்குக் கூட்டிப்போங்க, அங்க யுராசிக் காலத்து மாக்கல் கிடக்கு.

ஏறாவூர்:
அண்ணன், இங்கரிந்து புத்தளத்துக்கு வகுப்பையே கொண்டு போறதெண்டா பஸ் காசு ஆரு குடுக்கிற? டீச்சர் கேட்டது கண்டீங்களா எண்டுதான்.

நான் கண்டன். கம்பசில படிக்கக்குள்ள தப்போவைக்குக் கூட்டிப்போனாங்க. பேனாக்கத்தியைப் படைக்கு நடுவில வச்சு மெல்லத் தட்டினன். புத்தகம் மாதிரித் திறந்திச்சு, உள்ள சீப்புப் பல்லு மாதிரி ஒரு இலை, நரம்பெல்லாம் அப்பிடியே. மூச்சு விடவும் பயமாக் கிடந்திச்சு. கல்லை அங்கயே வச்சிட்டு வந்த, போட்டோ இரிக்கி. டீச்சர், அந்தப் பிள்ளைக்கு அனுப்பணுமெண்டா கேளுங்க.